தரைக்குக் கீழே இருந்தவர்கள்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி நானாக ஆசைப்பட்டு வாங்கியதல்ல. வினோலியா கேட்டாள் என்பதற்காக வாங்கியது.

"கண்ணாடியக் கழட்டினதும் எப்படி இருக்குன்னு தினமும் எழுதி வைங்கக்கா. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், எதுன்னாலும் எழுதுங்க. அப்பதான் எனக்குச் சரி பண்ண முடியும்."

வினோலியா தூத்துக்குடிப் பெண். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு காடு, மலை, கோட்டை என்று கட்டிக்கொண்டிருந்தவளை எங்கள் ஆராய்ச்சி நிலையம் பிடித்து வந்திருக்கிறது. மரபணு என்றால் என்ன என்று போன மாதம்தான் படித்தாளாம். நான் பதினான்கு வருடமாக மதுரையில் இதே கட்டடத்தில் உட்கார்ந்து மரபணுத் தகவல்களை அலசுகிறேன். எனக்குச் சொல்லித்தர அவள் வந்திருக்கிறாள். விதி.

பழைய கருத்தரங்கு அறையில் நாற்காலிகளை எல்லாம் தூக்கிவிட்டு, நடுவில் ஒரு தேங்காய்நார் மிதியடி போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் படத்துக்குள் நடக்கவிடுகிற அந்தக் கண்ணாடியை மாட்டினால் வெளியே எதுவும் தெரியாது. காலில் மிதியடி உறுத்துகிறவரை அறைக்கு நடுவில் இருக்கிறோம், சுவரில் முட்டிக்கொள்ள மாட்டோம். எவ்வளவு பெரிய கருவி, அதற்கு வாசல் மிதியடி காவல்.

உள்ளே ஒரு தூண்காடு. ஒரு ஆளுக்கு ஒரு தூண். தூணுக்கு இருபத்து மூன்று தளங்கள், குரோமோசோம் சோடிக்கு ஒன்றாக. அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் வேறுபடுகிற இடமெல்லாம் நீலம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே நீண்டு போகிற இடம் சிவப்பு. கையால் கிள்ளி இழுத்தால் தூண் பக்கத்தில் வருகிறது. இன்னும் இழுத்தால் மரபணுவின் ஒற்றை எழுத்துவரை விரிகிறது.

இதையெல்லாம் திரையில் அட்டவணையாகவே பார்ப்பேனே, எதற்கு நடந்து பார்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். கேட்டது நியாயம்தான். ஆனால் அழகாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

அரை மணி நேரம். லேசான தலைவலி. மாவு அரைக்க மறந்துவிட்டேன், கடையில் வாங்கினேன். புளித்த மாவு.

ஜூன் 12, வியாழன்

மேடம் கூப்பிட்டார். டாக்டர் அமலோற்பவம், எங்கள் பிரிவின் தலைவர். கோபம் வந்தால் பேனாவால் மேசையைத் தட்டுவார். வராவிட்டாலும் தட்டுவார்.

"செண்பகா, கண்ணாடியில முதல்ல பாக்கப் போறது அந்தக் குழந்தைங்க ப்ராஜெக்ட்தான். உனக்கு முடியாதுன்னா இப்பவே சொல்லு. வேற ஆளப் போடறேன். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"முடியும் மேடம்."

அந்தக் குழந்தைகள் என்றால், நல்லபடியாகப் பிறந்து, ஆறேழு மாதத்தில் நின்ற கழுத்து நிற்காமல் போய், உடம்பு தொய்ந்து, இரண்டு வயதுக்குள் போய்விடுகிற குழந்தைகள். தென்மாவட்டங்களில் மட்டும் நாற்பதுக்கு மேல் எங்களிடம் பதிவு இருக்கிறது. எந்த மரபணுவில் கோளாறு என்று தெரியவில்லை. அது தெரிந்தால், அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சோதித்துப் பார்த்துவிடலாம். தெரியாதவரை நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்ற பயம்தான்.

என் மகன் கபிலன் அவர்களில் ஒருவன். இருந்திருந்தால் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

அவன் போனபின் இனி பிள்ளையே வேண்டாம் என்று நான் சொன்னேன். அத்தான் சரி என்றார். அத்தான் என்றால் என் கணவர் தென்னரசு, என் சொந்த அத்தை மகன். கபிலனைப் பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியாக "சொந்தத்துல கட்டினதா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். அதற்குமேல் தேட ஒன்றுமில்லை என்பது போல.

எழுதியாயிற்று. இதைப் பற்றி இனி எழுதப் போவதில்லை.

ஜூன் 14, சனி

குற்றாலம். சீசன் சீக்கிரம் தொடங்கிவிட்டது என்று அத்தான் கடையை அடைத்துவிட்டுக் கூட்டிப்போனார். குழாய் சாமான் விற்கிற மனிதருக்குத் தண்ணீரைக் கண்டால் அப்படி ஒரு சந்தோஷம். அருவிக்கு அடியில் நின்று கத்தினார். நானும் கத்தினேன். சாரல். அறையில் ஜன்னலை மூடவில்லை. எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

ஜூன் 19

நோயுள்ள குழந்தைகளின் தூண்களை மட்டும் என்னைச் சுற்றி வட்டமாக நிறுத்தச் சொன்னேன். ஒரே காரணமாக இருந்தால் எல்லாரிடமும் ஒரே உயரத்தில் ஒரே சிவப்புப் பட்டை தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் இல்லை. சிவப்பே குறைவு. எல்லாம் நீலம்.

மொத்தக் காட்டையும் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. சொந்தக்காரர்களின் தூண்கள் நெருங்கி நிற்க வேண்டும்; இங்கே தூண்களுக்கு இடையே ஒரே இடைவெளி, கொத்துக் கொத்தாக எதுவும் இல்லை. சொந்தபந்தம் இல்லாதவர்கள் மட்டும் குடியேறிய புதுக் காலனி போல. நம் ஊர்க்காரர்கள் இப்படியா இருப்பார்கள்? என்னவோ இடித்தது. என்ன என்று பிடிபடவில்லை.

கிறுகிறுப்பு இல்லை. சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 25, புதன்

சங்கரன்கோவில் பக்கமிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். தாய்மாமனையே கட்டியிருக்கிறாள். மடியில் முத்துச்செல்வி, பதினாலு மாதம். குழந்தையின் தலை அவள் முழங்கையில் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பே, மூச்சுத் திணறலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். இன்றைக்குப் பதில் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு பாத்தியளாம்மா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"மாமனக் கட்டினதாலதான்னு அங்க டாக்டரு ஏசிட்டாவ. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான கட்டுதாவ. எல்லாருக்குமா இப்படி ஆவுது?"

இந்தக் கேள்வியை நான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்குக் கேட்க வரவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "உங்களுக்குப் பிள்ளைய?"

"ஒரு பையன்."

"என்ன படிக்கான்?"

"ஒண்ணாங்கிளாஸ்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

ஜூன் 27

முத்துச்செல்வியின் எண்ணைக் காட்டில் தேடினேன். இல்லை. ரத்தம் கொடுத்து ஆறு மாதம்தானே, இன்னும் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று திரையிலேயே வேறொரு எண்ணையும் தேடினேன். யாருடையது என்று எழுதத் தேவையில்லை. நாலு வருடத்துக்கு முன்பே மரபணு படித்து முடித்த ரத்த மாதிரி அது. அதுவும் இல்லை.

கேட்கலாம் என்றால் வினோலியா அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம்தான் வருவாள்.

ஜூலை 4

காபி வாசமே பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டல். கண்ணாடியின் வேலைதான். வினோலியா இல்லாததால் இந்த வாரம் முழுக்கக் கண்ணாடி போடவில்லை. போன வாரத்தின் மிச்சமாக இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

விரிவாக எழுத வேண்டும்.

வினோலியா வந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிய ஐந்தாவது நிமிடமே வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. கழற்றப் போனேன்.

"எக்கா, கழட்டாதிய. தூரத்துல பாக்காம காலுக்கடியில பாருங்க. தரை அசையாது. கொஞ்சத்துல சரியாயிரும்."

பார்த்தேன். கறுப்புத் தரை. இவ்வளவு நாள் நடந்தும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. கண் பழகப் பழகத் தரைக்கு உள்ளே ஏதோ தெரிந்தது. தொட்டித் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கற்கள் மாதிரி, மங்கலாக, சாம்பல் நிறத்தில். மிதியடியிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். தூண்கள். நூற்றுக்கணக்கில் படுத்துக் கிடந்தன. மேலே இருக்கிறவை மாதிரி தனித்தனியாக இல்லை. கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

"வினோலியா, தரைக்குக் கீழ என்ன?"

"அதுவா, கழிச்சதுக்கா. தரச் சோதனையில நீக்கினதுன்னு தனி பைல் குடுத்திருந்தாவல்லா? வெளையாட்டுல நாங்க எதையும் அழிக்க மாட்டோம். தரைக்கு அடியில தள்ளி வச்சிருவோம். பெறவு எப்பவாச்சும் வேணும்னு கேப்பாவ. அந்தப் பழக்கத்துல வச்சிட்டேன். அசிங்கமா இருக்கா? எடுத்துரட்டுமா?"

"எடுத்தேன்னா கொன்னுருவேன். நிறம் ஏத்து."

அவள் நிறம் ஏற்றினாள். தரைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பு. ஒவ்வொரு தூணிலும் பட்டை பட்டையாக. அத்தை பிள்ளையையும் மாமன் பிள்ளையையும் தாய்மாமனையும் கட்டியவர்களின் பிள்ளைகள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே மூதாதையின் துண்டு வந்து சேர்ந்திருக்கிறவர்கள். மேலே நான் தேடிக்கொண்டிருந்த நம் ஊர் ஜனங்கள் இங்கே கிடக்கிறார்கள்.

முத்துச்செல்வியின் எண் இருந்தது. அவளுக்குப் பக்கத்துக் கொத்தில் இன்னொரு எண்.

என் மகன் நாலு வருடமாகப் 'பிழை' என்ற தலைப்பின் கீழ் கிடந்திருக்கிறான். நான் அவன்மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதேன். வினோலியா தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஜூலை 9, புதன்

மேடத்திடம் போனேன். போகும்போதே சண்டைக்குத் தயாராகப் போனேன்.

இரண்டு பிரதியும் நெடுக ஒன்றாகவே இருந்தால் அந்த ரத்த மாதிரி கெட்டுப்போனது, ஆய்வகத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டாத நாட்டில் எழுதிய மென்பொருள். அங்கே அது சரியான அளவுதான். இங்கே யாரும் அதை மாற்றவில்லை. வந்தது வந்தபடி ஓட்டி, முந்நூற்றுச் சொச்சம் பேரைக் கழித்து, அறிக்கையில் "தரம் குறைந்தவை நீக்கப்பட்டன" என்று ஒற்றை வரி எழுதியிருக்கிறார்கள். கழிந்தவர்களில் நோயுள்ள குழந்தைகள் பதினொரு பேர். அறிக்கைக்குக் கீழே மேடத்தின் கையெழுத்து.

மேடம் முழுவதும் கேட்டார். பேனாவைத் தட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எங்க அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை," என்றார். "சர்ச்சுல தனியா அனுமதி வாங்கிக் கட்டினவங்க. பிஷப் அனுமதி குடுத்துட்டார். இந்த சாப்ட்வேர் குடுக்கலை பாரு. என் ரத்தத்தப் போட்டிருந்தா என்னையும் பிழைன்னு தூக்கிப் போட்டிருக்கும். நானே கையெழுத்தும் போட்டிருப்பேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரையும் திரும்ப எடு. முதல்லேருந்து ஓட்டு," என்றார்.

சண்டைக்குக் கொண்டுபோன வார்த்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன.

ஜூலை 11

கண்ணாடிக் குறிப்பு: குமட்டல் அதிகம். இஞ்சி மரப்பா வாங்கி வைத்திருக்கிறேன். தூக்கமாக வருகிறது, மத்தியானம் மேசையிலேயே தலை சாய்ந்துவிட்டது.

வினோலியா, "எக்கா, கண்ணாடி போடாத நாள்லயும் குமட்டுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நான் என்னத்தச் சரி பண்ணினாலும் அது நிக்காதுன்னு நெனைக்கேன்," என்றாள்.

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூலை 15

ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பீரோவை அடுக்கினேன்.

ஜூலை 21, திங்கள்

மிதியடியில் நின்றேன். பதினொரு குழந்தைகளும் என்னைச் சுற்றி நின்றார்கள். இந்த முறை தரைக்கு மேலே.

முதலில் தலை சுற்றத்தான் செய்தது. ஒவ்வொரு தூணிலும் எங்கெங்கோ சிவப்பு, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. இரண்டு கையாலும் வட்டத்தை இழுத்து நெருக்கமாக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன். ஒன்பதாம் தளம், என் நெஞ்சு உயரம். முத்துச்செல்வியிடம் ஒரு பட்டை. அடுத்த குழந்தையிடம் அதே உயரத்தில். அடுத்ததில். அடுத்ததில். சுற்றி முடிந்து கபிலனிடம் வந்தேன். அவனிடமும்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில், கழுகுமலை, திருவேங்கடம். ஒருவரையொருவர் பார்த்தே இராத குடும்பங்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் யாரோ ஒருவரிடம் இருந்த துண்டு இத்தனை வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஊர் முழுக்கச் சொந்தத்தில்தான் கட்டுகிறார்கள். இந்தத் துண்டு இரண்டு பக்கமும் இருக்கிற வீட்டில்தான், அதிலும் நாலில் ஒரு பிள்ளைக்குத்தான் இது வருகிறது. பேச்சியம்மாள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பெற்றோரின் தூண்களையும் கொண்டுவரச் சொன்னேன். அத்தானும் நானும்கூட அப்போது ரத்தம் கொடுத்திருந்தோம். எங்கள் தூண்களில் அந்த இடம் நீலம்தான். அவரிடம் அந்தத் துண்டு ஒரு பிரதி, என்னிடம் ஒரு பிரதி. இன்னொரு பிரதி நல்லது, அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை. சரிபாதி. அவரிடமிருந்தா என்னிடமிருந்தா என்று ஐந்து வருடம் வாய் திறக்காமலே சண்டை போட்டிருக்கிறோம். எவ்வளவு வீண்.

கபிலனின் தூணைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் எதுவும் படாது, தெரியும். நின்றேன்.

ஜூலை 24, வியாழன்

பட்டைக்குள் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. பதினொரு பேருக்கும் அதே எழுத்து; முன்பே மேலே நின்ற மற்றக் குழந்தைகளுக்குக் காரணம் வேறு, அதை இனித்தான் தேட வேண்டும். வேறு முறையிலும் சோதித்துவிட்டார்கள், உறுதி.

சாயங்காலம் அத்தான் கடையிலிருந்து வந்ததும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அத்தான், கண்டுபிடிச்சாச்சு."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "யாருகிட்ட இருந்து?"

"ரெண்டு பேருகிட்ட இருந்தும். ஆளுக்கு ஒண்ணு."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்கிட்ட இருந்துதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்க அய்யாவோட தம்பி ஒருத்தர் சின்னதுலயே போயிட்டாருன்னு சொல்லுவாவ. அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"நானும் என்கிட்ட இருந்துதான்னு நெனச்சேன்," என்றேன். இது பாதிப் பொய். பாதி நாள் அவரிடமிருந்துதான் என்று நினைத்தேன்.

தோசை ஆறிப்போனது. வேறு ஊற்றப் போனேன். பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார்.

"ஏ பிள்ள, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?"

கோபப்பட்டேன். தோசைக் கரண்டியைப் போட்டேன். கண்ணாடி, தலைசுற்றல், வேலைப் பளு என்று என்னென்னவோ சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "காபிய நிறுத்தினன்னைக்கே எனக்குத் தெரியும். கபிலனுக்கும் காபியத்தான் மொதல்ல நிறுத்தின," என்றார்.

கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினேன்.

ஜூலை 26

டாக்டரிடம் போய் வந்தோம். அத்தான் சொன்னதுதான் சரி. அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். கபிலன் சமயத்தில் எழுதினேன், எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். இந்தத் தடவை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேச்சியம்மாளும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் பெயர் மாடசாமி. லோடு வேன் ஓட்டுகிறார். மேடம் பொறுமையாக விளக்கினார். முத்துச்செல்விக்கு இப்போது மருந்து எதுவும் இல்லை என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அடுத்த பிள்ளைக்கு முன்கூட்டியே பார்க்கலாம் என்றார்.

மாடசாமி, "தப்பு யாரு பேர்லம்மா?" என்றார்.

"யார் பேர்லயும் இல்லை. உங்ககிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு. இதே மாதிரி பதினொரு குழந்தைங்க."

மேடம் போனபின் பேச்சியம்மாள் குழந்தையின் கழுத்துக்குத் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பதினொண்ணுல என் பையனும் ஒருத்தன். இப்ப இல்லை. ஒண்ணே கால் வயசுல போயிட்டான்."

என்னை வெறித்துப் பார்த்தாள். "ஒண்ணாங்கிளாஸ்னு சொன்னிய?"

"சொன்னேன்."

"எந்தப் பள்ளியோடம்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய?"

"அதையும் சொல்லியிருப்பேன்," என்றேன். "சேக்கணும்னு நெனச்ச பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்துச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கண் மட்டும் எப்படி ஓடுகிறது இந்தப் பிள்ளைகளுக்கு. கபிலனுக்கும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் நிலையத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டுச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். வலி அதிகமில்லை. பயம் அதிகம். அத்தான் வெளியே உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவருக்கு மோட்டார் பழுதைப் பற்றி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது சட்டை முழுக்க வியர்வை.

மாதிரி எங்கள் மாடிக்குத்தான் வரும். மேடம் என் கடவுச்சொல்லை இன்றே முடக்கிவிட்டார். "இத நீ பாக்கக் கூடாது. நானும் வினோலியாவும் பாத்துக்கறோம். நான் சொல்ற வரைக்கும் யாரும் உங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." வினோலியாவிடம், "கடைசித் தளத்தை முழுசா எடுத்துடு. ஆணா பொண்ணான்னு யாரும் பாக்கக் கூடாது, சட்டம்," என்றார். எடுத்துவிட்டாளாம். இருபத்திரண்டு தளத்தோடு ஒரு தூண்.

ஆகஸ்ட் 20

ஓய்வு. படுத்தே இருக்கிறேன். அத்தான் ரசம் வைத்தார். உப்பு இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 27

நாலில் ஒன்று. வேலையில் எத்தனை பேருக்கு விளக்கிச் சொல்லியிருப்பேன். நாலில் மூன்று நல்லதுதானே என்று அவர்களைத் தேற்றுவேன். எனக்கு யாராவது அப்படிச் சொன்னால் அறைந்துவிடுவேன்.

சிவப்பு என்றால் என்ன செய்வது என்று அத்தானும் நானும் பேசவில்லை. பேசாமலே இருவருக்கும் பதில் தெரிந்திருக்கிறது. அந்தப் பதிலோடு எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

காலையில் கருத்தரங்கு அறையை எட்டிப் பார்த்தேன். வினோலியா கண்ணாடியோடு மிதியடியில் நின்றுகொண்டிருந்தாள். "வினோலியா" என்றேன். "ஒரு நிமிசம்க்கா" என்றாள். பத்து மணிக்குப் போனேன், கண்ணாடியோடு நின்றாள். பதினொன்றுக்கும் அப்படியே. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அவள் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியிருந்தது. எதற்கான ஈரம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் மேடம் கூப்பிட்டார். அத்தானையும் வரச் சொல்லியிருந்தார். கடைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு வந்து உட்கார்ந்தார். மேடம் பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு. ஒரு பிரதி."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கும் நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவர், "அப்படின்னா?" என்றார். மேடம் இன்னொரு முறை சொன்னார். "அப்படின்னா என்ன டாக்டர்?" என்றார் மறுபடியும்.

மேடம் அவரையே பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் மாதிரிதான் சார். உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, செண்பகாகிட்டயும் ஒண்ணு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

அத்தான் என் பக்கம் திரும்பினார், என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்கிற மாதிரி.

இந்தக் கேள்வியை ஐந்து வருடமாக எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் இருக்கோம் மேடம்," என்றேன்.

"ஆமா டாக்டர்," என்றார் அத்தான். "நல்லாத்தான் இருக்கோம்." சொல்லிவிட்டு கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். அத்தான் முகத்துக் கறையைக் கழுவிக்கொண்டிருக்கிறார், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

நான் உண்டாகியிருக்கிறேன். மார்ச்சில் எங்களுக்குக் குழந்தை பிறக்கும்.